சுருதி இறங்கிய ஞாயிறு

பெட்டி அக்காவிடமிருந்து தப்பிக்க எனக்கு வாரத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. திங்கள் முதல் சனி வரை ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில், அவர்தான் எனக்கு இன்சார்ஜ். ஞாயிற்றுக்கிழமையாவது கடவுள் சந்நிதியில் நிம்மதியாக நிற்கலாம் என்று மாதா கோவிலுக்குப் போனால், தமிழ்ப் பூசைக்கு நான் பாடும் பாடகர் குழுவை நடத்துவதும் அவரேதான். அங்கே 'சிஸ்டர்', இங்கே 'அக்கா'. நான் கூப்பிடுவதுதான் மாறும், மனுஷி ஒருவரே. பெட்டி என்பது பட்டப்பெயர் இல்லை, சொந்தப் பெயரேதான்.

அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரைப் போல ஊசி போடுகிறவரை நான் பார்த்ததில்லை. டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்ற வேண்டும். ஒன்று ரத்தத்தை மெஷினுக்கு எடுத்துப் போக, மற்றொன்று சுத்தமான ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவர. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வருஷக்கணக்காக அதே கையில். அக்கா நரம்பைத் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான், ஊசி உள்ளே போயிருக்கும். நோயாளி முகம் சுளிப்பதற்குள் அவர் அடுத்த படுக்கையில் இருப்பார். பாட்டும் அப்படித்தான். மற்றவர்களுக்குக் குரல் மேலே போகப் போகக் கீச்சிடும். அவருக்கு மேலே போகப் போக இனிக்கும். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் நின்று, "என்னா வாய்ஸ் அக்கா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

தனக்கு வருவது எல்லோருக்கும் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார், அதுதான் எங்கள் தலைவலி. காலை ஷிஃப்டில் எல்லா நோயாளிகளையும் ஏழரைக்குள் மெஷினில் இணைத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தார். அவரால் முடியும். எங்களால் முடியாது. முடியாது என்பதால் பதறுவோம், பதறினால் ஊசி தவறும். தவறியதும் அக்கா வந்து எங்கள் கையிலிருந்து ஊசியை வாங்கித் தானே போட்டுவிடுவார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது நான் பதிலுக்கு மனசுக்குள் இரண்டு திட்டியிருப்பேன். திட்டவே மாட்டார். "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்பார்.

இந்த 'நான் பாத்துக்கறேன்' தாங்காமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாகப் போன சுசித்ரா, "டிரே தூக்கறதுக்கா நான் நாலு வருஷம் நர்ஸிங் படிச்சேன்?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்டு என்ன பயன்? நானும் டிரேதான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

என் முறையும் வந்தது. எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த மதலைமுத்து அண்ணன், பேக்கரி வைத்திருப்பவர், எங்களிடம்தான் டயாலிசிஸுக்கு வருகிறார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தை. கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் காலை, மணி ஏழரையைத் தாண்டிவிட்டதே என்ற அவசரத்தில், நான் போட்ட ஊசி நரம்பைத் தாண்டிப் போய் அவர் கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. அக்கா வந்தார், ஐஸ் வைத்தார், வேறு இடம் பார்த்து ஊசியை ஏற்றினார். "பரவால்ல லிசா" என்றார். மதலைமுத்து அண்ணன் மெதுவாக, "தப்பா எடுத்துக்காதம்மா, இனிமே பெட்டி சிஸ்டரே போடட்டும்" என்றார்.

பக்கத்துப் படுக்கைக்காரரும் அதையே சொன்னார். பிறகு பிரிவு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. எல்லோரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா ஓடிக்கொண்டே இருந்தார். நாங்கள் பஞ்சையும் பிளாஸ்டரையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டது. சம்பளம் பரவாயில்லை, தங்க ஹாஸ்டல் உண்டு. என் கணவருக்கு இங்கே மைசூரில் நிரந்தர வேலை, விட்டுவிட்டு வர முடியாது. மகள் யுகேஜி. நான் மட்டும் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் இங்கேயே இருந்தால் இன்னும் ஒரு வருஷத்தில் நான் நர்ஸே இல்லை என்று ஆகிவிடும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். போவது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னால் அதற்கும் "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வார், அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிறு பங்குத் திருவிழா. எங்கள் கோவிலில் முதலில் கன்னடப் பூசை, அது முடிந்ததும் தமிழ்ப் பூசை. இரண்டுக்கும் வேறு வேறு பாடகர் குழு, ஆனால் கீபோர்டு ஒன்றே ஒன்று. கன்னடக் குழுவை நடத்தும் பிரசாந்துக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் பெட்டி அக்காவின் கணவர் கார்ல் அண்ணன். அதிகம் பேசாதவர். அக்காவோடு வாழ்கிறவர் அதிகம் பேசுபவராகவும் இருந்துவிட்டால் அந்த வீடு தாங்காது.

வருகைப் பாடலுக்கு மணி அடித்தது. பீடச் சிறுவர்கள் முன்னே வர, பின்னால் சாமியார் நடந்து வந்தார். கார்ல் அண்ணன் வழக்கமாக வாசிக்கிற அதே கட்டைகளை அழுத்தினார். அக்கா வாயைத் திறந்தார். முதல் வரியிலேயே அவர் புருவம் ஏறியது. சுருதி கீழே கிடந்தது. அவருடைய குரல் எங்கேயோ பாதாளத்தில் இறங்கித் தடவிக்கொண்டிருந்தது. திரும்பி அவர் கார்ல் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், என்னைப் பார்க்கவில்லையே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

விஷயம் இதுதான். அந்தக் கீபோர்டில் மொத்தச் சுருதியையும் ஏற்றவோ இறக்கவோ ஒரு பொத்தான் உண்டு. பிரசாந்த் தன் குரலுக்கு ஏற்ற மாதிரி நன்றாக இறக்கி வைத்துக்கொண்டு பாடிவிட்டு, திருவிழா அவசரத்தில் பழையபடி மாற்ற மறந்து போய்விட்டார். சாமியார் பாதி வழி வந்துவிட்டார். பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க முடியாது.

எங்கள் தமிழ்ப் பூசையில் ஜனங்கள் பாட மாட்டார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், பெண்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். இளசுகளுக்குத் தமிழ் எழுத்து வராது என்று கன்னட எழுத்தில் பாட்டை அடித்துக் கொடுத்துப் பார்த்தோம், அப்போதும் பாடவில்லை. தமிழ் தெரியாததுதான் காரணம் என்று சாமியார் முதல் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அன்று இரண்டாவது அடியில் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. மதலைமுத்து அண்ணன். பிறகு அவர் பக்கத்தில் நின்ற இன்னொருவர். பல்லவி திரும்ப வந்தபோது தூண் பக்கம் சாய்ந்து நிற்கும் இளைஞர் கூட்டம்கூடச் சேர்ந்துகொண்டது. கோவில் நிறைந்து சத்தம் எழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்டது. இத்தனை வருஷமாக அக்காவின் முதுகுக்குப் பின்னால் வாயை அசைத்துக்கொண்டிருந்தவள் நான்.

பாட்டு முடிந்ததும் கார்ல் அண்ணன் கீபோர்டின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அவர் விரல் அந்தப் பொத்தான் வரை போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காணிக்கைப் பாடலும் கீழேயே போனது, நற்கருணைப் பாடலும் கீழேயே போனது. ஜனங்கள் பாடித் தீர்த்தார்கள்.

பூசை முடிந்ததும் அக்கா கொதித்துக்கொண்டிருந்தார். பிரசாந்த் ஓடி வந்து கன்னடத்தில் நாலைந்து முறை மன்னிப்புக் கேட்டார். "திருவிழா பூசை பிரசாந்த், வருஷத்துக்கு ஒரு தடவ" என்று அக்கா தமிழிலேயே பொரிந்தார். கார்ல் அண்ணன் வயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

படியில் வழக்கம்போலக் கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. யாரும் அவருடைய குரலைப் பற்றிப் பேசவில்லை. "இன்னிக்கி சூப்பரா பாடினோம், அல்வா?" என்றாள் ஒரு பெண், 'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில். அந்த 'பாடினோம்' அக்காவைக் குத்தியது, முகத்திலேயே தெரிந்தது. மதலைமுத்து அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், எத்தினி வருஷம் ஆச்சு நான் வாய் விட்டுப் பாடி. தொண்ட வலிக்கவே இல்ல."

"ஏன், மத்த வாரம் பாடறதுக்கு யாரு வேணாம்னாங்க?"

"உங்க உசரத்துக்கு யாரு சிஸ்டர் ஏறறது? நீங்க பாடுவீங்க, நாங்க கேப்போம். அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தார், நீயாவது எனக்காகப் பேசு என்பது போல. நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த வாக்கியம் தயாராக இருந்தது. 'அக்கா, நான் பெங்களூர் போறேன்.' வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது.

"வார்டுலயும் அப்படித்தான் அக்கா. நீங்க பாடறீங்க, நாங்க கேக்கறோம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம். மதலைமுத்து அண்ணன் தன் செருப்பைத் தேடிப் போய்விட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரிடம் போய் நின்றார், கார்ல் அண்ணன் பின்னாலேயே போனார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். திருவிழாப் பிரியாணியை மகளுக்கு ஊட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். என் கணவர், "எப்படியும் போகத்தான போற, விடு" என்றார். போகிறவள்தான். இருந்தாலும் மரியாதையாகப் போயிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் கார்ல் அண்ணன் அக்காவை இறக்கி விட்டுவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, அக்கா ரொம்பக் கோவமா?"

"நேத்து வந்ததும் வீட்ல இருக்கற கீபோர்ட எடுத்து வைன்னா. சுருதிய மைனஸ்ல எறக்கி வெச்சு ஒவ்வொரு பாட்டா பாடிப் பாத்தா."

"நீங்க திரையில பாத்தீங்கல்ல? பூசையிலயே மாத்தியிருக்கலாமே."

"பாத்தேன். மாத்த மனசு வரல" என்றார். "இத்தன வருஷமா வாசிக்கிறேன், ஜனங்க பாடி நான் கேட்டதில்லம்மா." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போனால் வெள்ளைப் பலகையில் சிவப்பு ஏழரை இல்லை. துடைத்த தடம் மட்டும் இருந்தது. அக்கா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கையில் மார்க்கர் பேனா.

"பதறாம ஊசி போடணும்னா உங்களுக்கு எத்தன மணி ஆகும்?"

இது ஏதோ பொறி என்றே எல்லோரும் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமையே வாயை விட்டவள் என்ற தைரியத்தில் நான்தான் சொன்னேன். "எட்டு ஆயிடும் சிஸ்டர்."

கிள்ளி விட்ட மாதிரி அவர் முகம் சுருங்கியது. அந்த அரை மணி நேரம் அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பலகையில் எட்டு என்று எழுதினார். "ரெண்டாவது ஷிஃப்ட் தள்ளிப் போகும். டாக்டர்கிட்டயும் ஆஃபீஸ்லயும் நான் பேசிக்கறேன். நீங்க போங்க" என்றார்.

மதலைமுத்து அண்ணன் படுக்கையில் சாய்ந்து கையை நீட்டி வைத்திருந்தார். நான் டிரேயோடு போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாகப் போர்வைக்குள் போனது.

"பெட்டி சிஸ்டர் இல்லியா?"

அக்கா எதிர்ப் படுக்கைப் பக்கத்திலிருந்து வந்தார். வழக்கமாக அந்த இடத்தில் கையுறையை மாட்டிக்கொண்டே வருவார். அன்று வெறுங்கையாக வந்தார். "லிசாதான் போடுவா. நான்தான் போடணும்னா கடைசியா வருவேன், பத்து மணி வரைக்கும் படுத்திருங்க. பேக்கரிய யாரு பாத்துப்பா?" என்றார்.

மதலைமுத்து அண்ணன் வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தார். கண்ணை மூடினார், ஜெபம் தொடங்கியது. அக்கா என் தோளருகே நின்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டு நரம்பைத் தொடாமலே நின்றேன். அதை அவரும் பார்த்தார். இதோ, இப்போது கையை நீட்டி வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவருடைய கை வந்தது, பாதியில் நின்றது, கோட்டுப் பையில் புகுந்துகொண்டது. பிறகு அவர் திரும்பி நடந்து கோடி ஜன்னலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மணியைப் பார்த்தேன். எட்டாக நிறைய நேரம் இருந்தது. நரம்பின் மேல் விரலை வைத்தேன். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு, பூனையின் வயிற்றில் கை வைத்தது போல, விரல் நுனிக்கு வந்தது. அவசரமில்லாமல் அதைத் தொடர்ந்து போனேன், எங்கே வளைகிறது, எங்கே நேராக இருக்கிறது என்று. அப்புறம் ஊசியை ஏற்றினேன். குழாயில் சிவப்பு குதித்து ஏறியது. இரண்டாவது ஊசியும் போனது. பிளாஸ்டர் ஒட்டி, குழாய்களை இணைத்து, மெஷினை ஓட விட்டேன்.

பம்பு சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டதும், ஜன்னலில் நின்ற அக்காவின் தோள்கள் இறங்கின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கண் கலங்கிவிட்டது, கையுறையோடு துடைக்கவும் முடியவில்லை.

மதலைமுத்து அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, முடிந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். "ஆய்தா?"

"ஆய்து அண்ணா."

"நீயா போட்ட?"

"நான்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு யார் கொடுக்க முடியும்?

ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா கேண்டீனுக்குக் கூப்பிட்டார். இரண்டு டீ வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தார். டீயைக் கலக்கிக்கொண்டே, "பெங்களூர் எப்ப போகணும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆஸ்பத்திரில என்கூட படிச்சவ இருக்கா. உன்ன பத்திக் கேட்டா. நல்ல பொண்ணுன்னு சொன்னேன்."

"நேத்து அத சொல்லலாம்னுதான் வந்தேன் அக்கா." ஆஸ்பத்திரியில் அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வந்து வேற ஒண்ணு சொன்ன."

"ஆமா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். நீ போனா உன் பேஷண்டையெல்லாம் நானே பாத்துக்குவேன், என்னால முடியும். அதான் லிசா பயமா இருக்கு. முடியுது முடியுதுன்னு பாத்துக்கிட்டே போனா கடைசில வார்டுல நான் மட்டும்தான் இருப்பேன்."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "இன்னிக்கி ஜன்னல்ல என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல. திரும்பினா ஓடி வந்திருப்பேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், பெங்களூர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, மன்னிக்கணும், நான் வரவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றேன். அடுத்து என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, வரும்போது பன் வாங்கி வா என்றாள். பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. மதலைமுத்து அண்ணன் பேக்கரியிலேயே பன் வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு பிரசாந்த் கவனமாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். எங்களிடம் வந்து அதைச் சொல்லிவிட்டும் போனார். கார்ல் அண்ணன் கட்டைகளின் மேல் கையை வைத்தார். அக்கா குனிந்து அந்தப் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாகச் சுருதியை இறக்கினார். திரையைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எப்போதும் ஜனங்களைப் பார்த்து நிற்பவர், அன்று எங்கள் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பூசை முழுக்க அவர் குரல் தனியாக எங்கேயும் கேட்கவில்லை.

முடிந்ததும் படியில் வந்து நின்றார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள், வண்டிகளை எடுத்தார்கள். யாரும் நின்று அவருடைய வாய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார் பாவம். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்லா பாடினோம் அக்கா."

"ஆமா" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "பாடினோம்" என்றார்.